வரிசையில் வளர்ந்த பிள்ளை

கீழவாகை ஜெயிலின் மனு அறையில் இரண்டு கம்பிவலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அகலத் தொடங்கியது ஒரு ஆனி மாதத்துப் புதன்கிழமை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அன்றைக்குத்தான் என் ஜெராக்ஸ் மெஷினுக்குப் புது டிரம் மாற்றியிருந்தேன், காலையிலிருந்து ஆதார் கார்டு ஆதார் கார்டாக நகல் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன், பதினொரு மணிக்கு மனு பார்த்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்த குருவம்மாள் நேரே என் கடைக்கு வந்து, "யக்கா, உங்ககிட்ட அளவு நாடா இருக்கா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "உள்ள என்னமோ எட்டிப் போயிருக்குக்கா. எம்மாம் தூரம்னு பாக்கணும்" என்றாள்.

என் பெயர் அமலோற்பவம். ஜெயில் வாசலுக்கு நேர் எதிரே கடை, ஊருக்கு அமலி அக்கா. எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். ஜெயில் வாசலில் கடை வைத்திருப்பவளுக்கு வாய் குட்டையாக இருந்தால் அன்றைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். ஜெயிலில் இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பதை எங்கள் பக்கம் மனு பார்ப்பது என்று சொல்வோம். அந்த மனுவை எழுதிக் கொடுப்பதும் நான்தான், கூட வைக்க வேண்டிய நகலை எடுத்துக் கொடுப்பதும் நான்தான், அழுதால் தண்ணீர் கொடுப்பதும் நான்தான்.

எங்கள் ஜெயில் பெரிய ஜெயில் இல்லை. முன் பிளாக்கில் விசாரணைக் கைதிகள், பின் பிளாக்கில் தண்டனைக் கைதிகள், பத்துப் பேர் படுக்கிற அறையில் இருபத்திரண்டு பேர், ஒருவன் புரண்டால் அந்த வரிசையே புரளவேண்டும், காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டு எண்ணுவார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு எண்ணிவிட்டுப் பூட்டுவார்கள். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று விட்டு ஒரு புதன்கிழமை மனு. மனு அறையில் இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஒரு முழ இடம், அதில் ஒரு வார்டர் நடந்துகொண்டே இருப்பார். நாற்பது பேர் இங்கேயிருந்து கத்துவார்கள், நாற்பது பேர் அங்கேயிருந்து கத்துவார்கள், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டவனுக்கு எவள் வீட்டுக் கோழியோ முட்டையிட்ட சேதிதான் காதில் விழும். ஆனாலும் முகம் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்தால் தெரியும்.

அந்த ஒரு முழம் அன்றைக்கு இரண்டு முழமாக இருந்தது, அடுத்த மனுவுக்கு ஒரு கட்டில் போடலாம் போல இருந்தது, அதற்கு அடுத்த மனுவுக்கு மாட்டுவண்டி திரும்பலாம் போல இருந்தது, ஆவணி பிறந்தபோது அதில் தும்பையும் ஆவாரையும் முளைத்து, புரட்டாசியில் எங்களுக்குப் பெய்யாத மழை அங்கே மட்டும் பெய்தது. வெளியே பார்த்தால் ஜெயில் அப்படியே இருந்தது. பொதுப்பணித்துறையிலிருந்து வந்த இன்ஜினியர் மதிலைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார், உள்ளே போய் அளக்க ஆரம்பித்து நாடா தீர்ந்து நின்றார், 'அளவுகள் வரைபடத்தின்படி சரியாக உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறிப் போனார். கிராம நிர்வாக அலுவலர் வந்து இது நஞ்சையா புஞ்சையா என்று கேட்டார். பின் பிளாக்கில் நெருக்கியடித்துப் படுத்துக்கிடந்தவர்கள், ஐயா, சும்மாதானே கிடக்கிறது, அந்த வெளியில் எங்களுக்கு ஆளுக்கு ஆறடி கொடுங்கள் என்று ஒரு விண்ணப்பம் போட்டார்கள், அது பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, இன்றைக்கும் அது பரிசீலனையில்தான் இருக்கிறது.

வார்டர்கள் எப்படிப் போய் வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். மெயின் கேட் வழியாக உள்ளே போனால் எப்போதும் போல இருபது எட்டில் பின் பிளாக் வந்துவிடும். சாப்பாட்டு வண்டி போனது, டாக்டர் போனார், பூனை போனது. அந்தத் தூரம் ஒருவரை ஒருவர் பார்க்க வந்து நிற்கிறவர்களுக்கு மட்டும்தான். நடுவில் நடக்கிற வேலையிலிருந்த வார்டர் சேவியர் கொஞ்சநாள் சைக்கிளில் சுற்றிப் பார்த்தார், பிறகு அதையும் விட்டுவிட்டு இந்தப் பக்கமே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். போனில் பேசலாமே என்றால், மனு அறைப் போனின் கம்பியும் அந்த வெளியைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது, காதில் வைத்தால் காற்று அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். முதல் ஒரு மாதம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தோம், இரண்டாம் மாதம் யார் தூரத்தில் நின்றாலும் அடையாளம் தெரியட்டும் என்று வீட்டுக்கு ஒரு நிறம் பிரித்துக்கொண்டோம், குருவம்மாள் வீட்டுக்கு மஞ்சள், ராஜபுஷ்பம் வீட்டுக்குக் கருநீலம், வெயிலாட்சி வீட்டுக்கு அரக்கு, அவரவர் நிறச் சேலையில் போய் நின்று கையை ஆட்டினோம், மூன்றாம் மாதம் நிறமும் தெரியாமல் போனது. அப்போதுதான் டவாலி மைதீன்பிச்சை பாயை யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

மைதீன்பிச்சை பாய் முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர்க் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர், நீதிபதி தலையசைத்ததும் வராந்தாவுக்கு வந்து ஆளின் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து மூன்று தடவை கூப்பிடுவது அவர் வேலை, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிற சாட்சி கிளாசைப் போட்டுவிட்டு ஓடிவருவான். ரிட்டயர் ஆன பிறகு கூப்பிட ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் போய் அழைத்து வந்தோம். மனு நாளில் சேவியர் அவரையும் என்னையும் உள்ளே விட்டுவிடுவார், சேதியை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன், அவர் கம்பிவலைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, பெயர், தகப்பனார் பெயர், சேதி, மூன்று தடவை. எந்தச் சேதியானாலும் மூன்று தடவைதான், அவருக்கு வேறு மாதிரி வராது. அந்தக் குரல் தும்பையையும் ஆவாரையையும் தாண்டி எங்கேயோ போய்ச் சேரும், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பதில் வரும், பிறகு சாப்பாட்டு நேரமாயிற்று, பிறகு ஒரு நாளாயிற்று. கடைசியில் இந்த மனுவில் சொன்னது அவர்களுக்கு அடுத்த மனுவில்தான் கேட்கும், அவர்கள் போன மனுவில் சொன்னது நமக்கு இந்த மனுவில் வரும் என்கிற இடத்தில் வந்து அந்த வெளி நின்றுகொண்டது, அதற்குமேல் வளரவில்லை. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மாசம் கழித்துப் பதில் சொல்கிற புருஷனை வீட்டிலேயே வைத்திருந்தவர்கள்தானே நாம் என்று ராஜபுஷ்பம் சொல்ல, வரிசையே சிரித்தது.

வெயிலாட்சி மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்குகிறவள், குரல் எழும்பாத பெண். அவள் புருஷன் சப்பாணிமுத்து வாய்க்கால் தகராறில் ஒருவனைப் பிடித்துத் தள்ளினான், தள்ளப்பட்டவன் கல்லில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. ஐந்து வருஷம். அவன் உள்ளே போனபோது மகள் சுபிக்ஷாவுக்கு நாலு வயது. ஒவ்வொரு மனுவுக்கும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள், அந்தப் பிள்ளை என் கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்து எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்க்கும். எனக்குப் பிள்ளை கிடையாது. கோபமும் வராது.

ஐப்பசி மழையில் சுபிக்ஷாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் பெரியாஸ்பத்திரி. ஆறாம் நாள் பிள்ளை இல்லை. வெயிலாட்சி நினைவில்லாமல் கிடந்தாள். அவனைக் காவலோடு கூட்டிவந்து முகத்தைக் காட்டியிருக்கலாம், அதற்கு விண்ணப்பம் எழுத நான் பேனாவோடு போய் நின்றேன், வெயிலாட்சியின் அண்ணன்தான், "சொன்னா உள்ளயே எதையாவது பண்ணிக்கிடுவான், ரெண்டு சாவு தாங்காது எங்க வீடு" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டான். மெயின் கேட் வழியாக இருபது எட்டு நடந்து போய் சேவியர் சொல்லியிருக்கலாம். "பத்து தடவ செல்லு வாசல் வரைக்கும் போயிட்டேன் அமலி. அது என் வாயால ஆகாது" என்றார் அவர்.

அடுத்த மனுவுக்கு வெயிலாட்சி தனியாக வந்தாள். சொல்லத்தான் வந்தாள். சீட்டில் எழுத வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டாள், நானும் எழுதிவிட்டேன், நாலே வார்த்தை, மைதீன்பிச்சை பாய் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் போன மனுவில் கிளம்பிய சப்பாணிமுத்துவின் குரல் அந்த வெளியைக் கடந்து வந்து சேர்ந்தது.

"ஏளா, பாப்பாவுக்கு முன்பல்லு ஆடுதுன்னு சொன்னியே, விழுந்துட்டா? சாணியில பொதிஞ்சு கூரை மேல எறி. தரையில போட்றாத, பெறகு முளைக்காது."

"என்ன சொல்லட்டும் தாயி?" என்று மைதீன்பிச்சை பாய் கேட்டார்.

வெயிலாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் அந்தப் பல் இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"விழுந்துட்டுன்னு சொல்லுங்க பாய். எறிஞ்சாச்சுன்னு சொல்லுங்க."

பாய் கூப்பிட்டார். சப்பாணிமுத்து, தகப்பனார் பெயர் ஆறுமுகம், உன் மகளுக்குப் பல்லு விழுந்தது, கூரையில் எறிந்தாயிற்று. மூன்று தடவை. நான் எழுதிய சீட்டை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சொன்னதில் பாதிதான் பொய். அதனால்தான் அதற்குமேல் பொய் சொல்ல எங்களுக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். அடுத்த மனுவில் அவன் கேட்டான், பாப்பா எந்த வகுப்பு டீச்சரிடம் இருக்கிறாள் என்று. வெயிலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். குருவம்மாளுக்கு அதே வயதில் ஒரு மகள், அவள் சட்டென்று, "ஸ்டெல்லா டீச்சர்னு சொல்லுங்க பாய்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. மனு வரிசையில் நின்ற நாற்பது பொம்பளைகளும் சேர்ந்து அந்தப் பிள்ளையை வளர்க்க ஆரம்பித்தோம், ஆளுக்குக் கொஞ்சம், அவரவர் வீட்டில் இருந்ததிலிருந்து எடுத்து. ஒருத்தி தன் மகளின் கணக்கு மார்க்கைக் கொடுத்தாள், ஒருத்தி தன் பேத்தி சைக்கிள் ஓட்டப் பழகிய முழங்கால் சிராய்ப்பைக் கொடுத்தாள், ஒருத்தி கத்திரிக்காய் என்றால் முகத்தைத் திருப்புகிற பிடிவாதத்தைக் கொடுத்தாள், ஆண்டு விழாவில் கோமாளி வேஷம் போட்டு எல்லோரையும் சிரிக்க வைத்ததை நான் கொடுத்தேன். வெயிலாட்சி ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்த பிறகுதான் பாய் கூப்பிடுவார். சில சேதிகளுக்கு அவள் தலையசைக்கமாட்டாள். "எம் பிள்ள அப்படிச் செய்யாது" என்பாள். நாங்கள் வேறு சொல்வோம்.

ராஜபுஷ்பம் ஒருமுறை யோசிக்காமல் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாள், அது காதில் விழுந்ததும் சப்பாணிமுத்து உள்ளே எண்ணெய் தொடாமல், தாளிச்சது தொடாமல், பாயில் படுக்காமல் வெறும் தரையில் கிடக்கிறான் என்று சேவியர் வந்து சொன்னார். இனி அந்தப் பிள்ளைக்குத் தும்மல்கூட வரக்கூடாது என்று நான் வாசலில் நின்று கத்தினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய சேதி அவனுக்குப் போய்ச் சேர்கிறவரைக்கும் வரிசையில் நாங்களும் தாளிக்காமல் தின்று வாய் செத்துத்தான் நின்றோம். மெய்யாகவே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்ட வீடு மாதிரி இருந்தது.

ஒளிப்பானேன், எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. புதன்கிழமை வருகிறது என்றால் இந்தத் தடவை சுபி என்ன செய்வாள் என்று முதல் நாளிலிருந்தே யோசிப்பேன். வெயிலாட்சிக்கு இருந்ததா என்று கேட்டால், அதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவன் தையல் பிரிவில் மெஷின் பழகிவிட்டான், பாப்பாவுக்குக் கவுன் தைக்க அளவு வேண்டும் என்று கேட்டான். குருவம்மாளின் மகளை என் கடை மேஜை மேல் ஏற்றி நிறுத்தினோம். அளவு நாடாவை வெயிலாட்சிதான் பிடித்தாள். தோள், நெஞ்சு, இடுப்பு, முழங்கால்வரை உயரம். அளந்து முடித்த பிறகும் அந்தப் பிள்ளையின் இடுப்பிலிருந்து நாடாவை எடுக்காமல் நின்றாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, நான் குருவம்மாளைப் பார்த்தேன், குருவம்மாள் வெளியே போய்விட்டாள்.

ஒன்றேமுக்கால் வருஷம் இப்படிப் போயிற்று. அவன் தண்டனையில் இன்னும் எட்டு மாசம் பாக்கி என்று நாங்கள் நம்பியிருந்தோம், எட்டு மாசத்துக்குள் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடி மாதத்து முதல் மனுவில் அவன் குரல் வந்தது, எப்போதும் போலக் கேள்வி கேட்கவில்லை.

"ஏளா, எல்லாம் அந்தப் பாய்தான் சொல்லுதாரு. நல்லாத்தான் சொல்லுதாரு. பாப்பாவ ஒரு தடவ பேசச் சொல்லேன். அப்பான்னு ஒரு வார்த்த. வளந்த பெறகு அது கொரல் எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா."

குருவம்மாள் தன் மகளின் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினாள். அவள் கெட்டவள் இல்லை. இத்தனை கொடுத்தவளுக்கு இதையும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியிருக்கும். "ஒரு வார்த்தைதான் கண்ணு. அப்பான்னு மட்டும் சொல்லிரு" என்றாள். அந்தப் பிள்ளை கம்பிவலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தது.

வெயிலாட்சி அதன் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்" என்றாள். "அது மட்டும் வேண்டாம். அவ கூப்பிட்ட மாதிரி யாரும் அவுகளக் கூப்பிடக் கூடாது."

பிள்ளையை மெதுவாகப் பின்னால் நகர்த்திவிட்டு அவளே கம்பிவலையைப் பிடித்தாள். எழும்பாத குரல் என்று சொன்னேனே, அந்தக் குரலை அவள் எங்கேயிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, மைதீன்பிச்சை பாயே ஓரடி பின்னால் போனார். "உங்க மக செத்துப்போயிட்டா! நம்ம சுபி செத்துப்போயிட்டா! நாந்தான் சொல்லல, எல்லாரும் எனக்காகத்தான் பொய் சொன்னாவ!" மூன்று தடவையெல்லாம் இல்லை, ஒரே தடவை. அது போய்க்கொண்டே இருந்தது எங்களுக்குக் கேட்டது, சிறிதாகிச் சிறிதாகி, பிறகு கேட்கவில்லை. பதினாலு நாளில் போய்ச் சேரும் என்று சேவியர் சொன்னார். அந்தப் பதினாலு நாளையும் எப்படிக் கழிப்பது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் அவளைக் கடைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

ஒரே நாள்தான் கழிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் சேவியர் ஓடிவந்தார், தண்டனையில் கொஞ்சமே பாக்கியுள்ள பதினோரு பேரை நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடச்சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, நாளைக் காலையில் சப்பாணிமுத்து வெளியே வருகிறான். அவள் சொன்னது இன்னும் வழியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான், குருவம்மாள், ராஜபுஷ்பம், மைதீன்பிச்சை பாய் எல்லோரும் என் கடை வாசலில் நின்றோம், வெயிலாட்சி ஒருத்தியாக நிற்கக்கூடாது என்று. அவன் மெயின் கேட்டில் குனிந்து வெளியே வந்தான், முடி நரைத்திருந்தது, கையில் ஒரு துணிப்பை. ரோட்டைக் கடந்து வந்து அவளைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், என் கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பள்ளிக்கூடம் போயிருக்காளா?"

"இல்ல" என்றாள் வெயிலாட்சி.

"பெறகு?"

"அவ இல்லங்க. போன ஐப்பசிக்கு முந்துன ஐப்பசி. காய்ச்சல்."

அவனுக்கு அது ஏறவில்லை. பையிலிருந்து ரோஸ் கலர் கவுனைப் பாதி எடுத்திருந்தான், அதைக் கையில் பிடித்தபடியே எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"கணக்குல தொண்ணூத்தாறு வாங்குனாளே?"

"அது எம் மக வாங்குனது அண்ணே" என்றாள் குருவம்மாள்.

"அம்மை போட்டுச்சே?"

"அது என் தங்கச்சி மகனுக்கு" என்று ராஜபுஷ்பம் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கோமாளி வேஷம் போட்டு எல்லாரையும் சிரிக்க வச்சாளே? அத நெனச்சு நெனச்சு நான் உள்ள..."

"அது நான் தம்பி" என்றேன். "அது யாரு வீட்டுப் பிள்ளையும் செய்யல. நானாச் சொன்னது."

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் வெயிலாட்சி பக்கம் திரும்பினான்.

"பல்லு?"

"அது அவளுதுதாங்க" என்றாள் அவள். "அது மட்டும் அவளுது."

அவன் என் கடைப் படியில் உட்கார்ந்தான். அந்தப் பல் எப்படி விழுந்தது என்று சொல்லச் சொன்னான், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், ஆஸ்பத்திரியில் ரொட்டியைக் கடித்தபோது விழுந்தது, கொஞ்சம் ரத்தம் வந்தது, பாப்பா பயப்படவில்லை, அப்பாவிடம் காட்டவேண்டும் என்று சொன்னாள். அவன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். மத்தியானம்வரை அவள் அதையே சொன்னாள். நான் கடையைத் திறக்கவில்லை.

அடுத்த மனுப் புதனன்று இரண்டு பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். போன மனுவில் அவன் உள்ளேயிருந்து சொன்னது இன்றைக்கு வரும், அதுதான் கடைசி, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வராது. மனுவை எழுதினேன், பார்க்க வேண்டிய கைதி பெயர் சப்பாணிமுத்து, பார்க்க வந்தவர் பெயர் சப்பாணிமுத்து, உறவு என்கிற இடத்தை விட்டுவிட்டேன். சேவியர் அதை வாங்கிப் படித்தார், விட்ட இடத்தைப் பார்த்தார், சீல் வைத்தார்.

அவன் கம்பிவலைக்கு முன்னால் நின்றான். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அதை அவன் பார்த்ததே இல்லை. எவ்வளவு தூரம் என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்தது கேட்டது. நேரம் போயிற்று. அந்தப் பக்கத்தில் அதே நேரத்துக்கு வெயிலாட்சி சொன்னது போய்ச் சேர்ந்திருக்கும், கேட்கவேண்டியவன் அங்கே இல்லை. பிறகு இங்கே அவன் குரல் வந்தது, பதினாலு நாளைக்கு முந்தைய குரல், மகள் இருந்தவனின் குரல், என்ன ஒரு சந்தோஷம் அதில்.

"ஏளா, போன மனுவுல சொன்னேன்லா, பாப்பாவப் பேசச் சொல்லுன்னு. அது வந்து சேர நாளாகும்னு தெரியும். ஆனாலும் இன்னைக்கே கம்பியில காத வச்சுட்டு நிக்கேன். வார்டரு சிரிக்காரு. சிரிச்சா சிரிக்கட்டும். பேசுதாளா? பக்கத்துல நிக்காளா? கூச்சப்படுதாளோ?"

நாற்பது பொம்பளைகளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டோம். மைதீன்பிச்சை பாய் வழக்கம்போல் தொண்டையைச் செருமி முன்னால் வந்தார். சப்பாணிமுத்து கையை நீட்டி அவரைத் தடுத்தான். வெயிலாட்சி அவன் முதுகில் கைவைத்தாள், அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் அழுத்தினான், எங்கேயோ தூரத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஆளுக்குக் கேட்கவேண்டுமே என்று தன் பலம் முழுவதையும் கூட்டிக் கத்தினான்.

"சப்பாணி! பாப்பா தூங்குதுய்யா. இப்பத்தான் தூங்குச்சு. எழுப்ப வேண்டாம்."